இன்ஜின் போல்ட்டில் ஒரு பேனா

நான் செய்கிற பேனாவின் உச்சியில் பளபளவென்று ஒரு பித்தளைக் கொண்டை இருக்கும். கையில் எடுக்கிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் தடவிப் பார்ப்பார்கள். அது வேறொன்றுமில்லை, வெஸ்டர்ன் டாய்லெட்டைத் தரையோடு பிடித்து வைக்கிற பித்தளை ஸ்க்ரூவின் தலை. பேனாவின் உடம்பு, ஃபிரிட்ஜ் ரிப்பேர்காரர்கள் வாங்கிப்போகும் செப்புக் குழாய். முனை, கேஸ் அடுப்பின் நாசில். கிளிப், சைக்கிள் ஸ்போக்கை வளைத்தது. உள்ளே போகிற ரீஃபில் ஒன்றுதான் பேனாவுக்கென்றே பிறந்த பொருள்.

மரக்காணத்தில் ஈ.சி.ஆர். ரோட்டின் மேலே இருக்கிற ஒரு ஹார்டுவேர் கடையில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறேன். கலை ஆர்வத்தில் பேனா செய்ய ஆரம்பித்தேன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பில் போடுகிற பேனாவை வாங்கி அளவு குறிக்கிறவர்கள், அதை அப்படியே காதில் செருகிக்கொண்டு போய்விடுவார்கள். பிளம்பர், கொத்தனார், மேஸ்திரி, எல்லோரும் ஒரே ஜாதி. நூல் கட்டி வைத்தேன். நூலை அறுத்துக்கொண்டு போனார்கள். எரிச்சல் தலைக்கேறி, பையில் போட்டால் சட்டையையே ஒரு பக்கமாக இழுக்கிற கனத்தில் ஒரு பேனா செய்து கல்லாப் பக்கத்தில் வைத்தேன். அதை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஆனால் எங்கே வாங்கினாய் என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள்.

அப்படிக் கேட்டவர்களில் ஒருவர், ஆரோவில் போகிற வழியில் கைவினைப் பொருள் கடை நடத்துகிற ஓர் அம்மா. தாழ்ப்பாள் வாங்க வந்தவர் தாழ்ப்பாளை மறந்துவிட்டுப் பேனாவையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். பத்து செய்து தரச் சொன்னார். வீட்டுக்குப் பின்னால் மேசையில் டிரில்லிங் மிஷினைப் படுக்க வைத்துக் கட்டி, குழாயை அதில் சுற்றவிட்டு அரத்தால் ராவி, உப்புத்தாளில் தேய்த்துப் பத்தையும் செய்துகொண்டு போனேன். அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரு கட்டு வெள்ளை அட்டையை என்னிடம் நீட்டினார்.

"இது எதுல செஞ்சதுன்னு எல்லாரும் கேப்பாங்க தம்பி. ரெண்டு வரி எழுதிக் குடுங்க. ஒவ்வொரு பேனாவோடயும் வெச்சிடலாம்."

முதலில் உண்மையைத்தான் எழுதினேன். எழுதியதைப் படித்துப் பார்த்தபோது எனக்கே கூசியது. யோசனை செய்கிறபோது பேனாவின் உச்சியை உதட்டில் வைக்காதவர் யார்? அதில் போய் கழிவறை என்று எழுதுவதா? கிழித்துப் போட்டேன். பிறகு எழுதியது இது. 'மரக்காணம் உப்பளத்தில் ஓடி ஓய்ந்த பழைய இன்ஜின்களின் பித்தளையில் கையால் செய்தது.'

கடைக்கார அம்மா படித்துவிட்டு, "அடேயப்பா" என்றார். எனக்கும் உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

உப்பளம் எனக்குத் தெரியாத இடமில்லை. பள்ளிக்கூடம் முடித்த கையோடு இரண்டு சீசன் உப்புக் கூடை தூக்கியிருக்கிறேன். காலில் வந்த புண்ணைவிட, கூடப் படித்தவன் எவனாவது ரோட்டிலிருந்து பார்த்துவிடுவானோ என்ற வெட்கம்தான் அதிகமாக எரிந்தது. அதற்காகத்தான் கடை வேலைக்கு ஓடிவந்தேன். கடையில் அந்த இரண்டு சீசனைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை. அப்படி மறைத்து வைத்திருந்ததைத்தான், பேனா விலைபோகும் என்றதும் எடுத்து அட்டையில் ஒட்டினேன்.

இன்ஜின் என்று எழுதியபோது எனக்கு நினைவில் வந்தவர் என் அக்கா புருஷன். மாமா ஒரு முதலாளியின் உப்பளத்தில், பாத்திக்குத் தண்ணீர் இறைக்கிற டீசல் இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் பல வருஷம் பாத்தியில் இறங்கிப் பலகையால் உப்பு வாரியவர். அவருக்குக் காலில் வெடிப்பு விழுந்து, வெடிப்பில் உப்புத்தண்ணீர் இறங்கி, ஆறாத புண்ணாகிவிட்டது. ராத்திரியில் தூக்கமில்லாமல் பாதத்தைச் சுவரில் வைத்துத் தேய்ப்பார் என்று அக்கா சொல்லி அழுதிருக்கிறாள். இன்ஜின் ரிப்பேரில் அவருக்குக் கை வரும் என்று பார்த்து, முதலாளி இன்ஜின் கொட்டகைச் சாவியை அவரிடம் கொடுத்தார். அன்றிலிருந்து அவர் கால் உப்புத்தண்ணீரில் படவில்லை. புண் ஆறியது. அந்த உப்பளத்தில் செருப்புப் போட்டு நடக்கிற கூலியாள் அவர் ஒருவர்தான். சாவியை அரைஞாண் கயிற்றில் நீளமாக நூல் விட்டு முடிந்து வைத்திருப்பார், பூட்டையும் அப்படியே இழுத்துத்தான் திறப்பார். குளிக்கும்போதும் அவிழ்க்கமாட்டார். அந்தச் சாவி இடுப்பில் இருக்கிறவரை அவருக்குக் கால் உண்டு. எங்கள் குடும்பத்தில் இது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் நன்றாகத் தெரியும்.

போன வருஷம் கத்திரி வெயில் ஆரம்பித்த சமயம், கடைக்கார அம்மா போன் செய்தார். சென்னையிலிருந்து ஒரு புருஷன் பெஞ்சாதி வந்திருக்கிறார்களாம். அட்டையைப் படித்துவிட்டு அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டதாம். அந்த இன்ஜினைப் பார்க்க வேண்டுமாம், ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறார்களாம். "உங்களப் பத்தி அவ்வளவு பெருமையா சொல்லி வெச்சிருக்கேன் தம்பி" என்றார். பொய் என்று அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். "வரட்டும்மா" என்றேன்.

மாமாவிடம் போனேன். அட்டை விஷயத்தைச் சொன்னபோது அவருக்கு முதலில் புரியவில்லை.

"நம்ம இன்ஜின்ல எப்ப எடுத்த?"

"எடுக்கல மாமா. சும்மா எழுதிட்டேன்."

"ஏன், அது பித்தள இல்லியா?"

"பித்தளதான் மாமா. பாத்ரூம் சாமான்."

"பழைய இன்ஜின் எதனா கெடந்தா காட்டுங்க, போதும்" என்றேன். பழசெல்லாம் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது என்றார். பொய் சொல்லி அவருக்குப் பழக்கமே கிடையாது. சீட்டு விளையாடும்போது நல்ல சீட்டு வந்தால் முகத்திலேயே தெரிந்துவிடுகிற ஆள். பெண்டாட்டியின் தம்பி வந்து கெஞ்சுகிறான் என்பதற்காக, "சரி, இட்டுக்கினு வா" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனபோது இன்ஜினை நிறுத்தி வைத்திருந்தார். அதன் பித்தளைப் பாகங்களையெல்லாம் புளி போட்டுத் தேய்த்து மின்ன வைத்திருந்தார். எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் அப்பிய அந்த இன்ஜினில் ஏழெட்டு நட்டும் போல்ட்டும் மட்டும் விளக்கிய குத்துவிளக்குப் போல இருந்தன. துவைத்த சட்டை போட்டிருந்தார். வந்தவர்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே ஒப்பித்தார்.

"இந்த மாதிரி சாமான்லதாங்க மச்சான் பேனா பண்றாரு."

என்னை அவர் 'அவர் இவர்' என்று சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. என்னை உயர்த்திக் காட்டத்தான் அப்படிச் சொன்னார். அவர் காது சிவந்திருந்தது. என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. அந்த அம்மாள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

டீசல் குழாயை இன்ஜினோடு சேர்க்கிற இடத்தில், நடுவில் துளையிட்ட ஒரு பித்தளை போல்ட் இருக்கும். ரீஃபில் நுழைவதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். அந்த அம்மாள் அதைத்தான் தொட்டார்.

"இதே போல்ட்ல எனக்கு ஒரு பேனா பண்ணித் தருவீங்களா? நாளைக்கு மத்தியானம் ஊருக்குக் கெளம்புறோம்."

மாமா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். இப்போது நினைத்தாலும் அந்தத் தலையை ஆட்டியது நான்தானா என்று இருக்கிறது. ஓடுகிற இன்ஜின் அது. பழைய இன்ஜின் என்று அவர்களிடம் சொல்லியாகிவிட்டது. பழைய இன்ஜினில் ஒரு போல்ட்டைக் கழற்ற என்ன தயக்கம் என்று அவர்கள் நினைத்துவிட்டால் என் பொய் வெளியே வந்துவிடும். மாமா ஸ்பேனரை எடுத்தார். கழற்றிக்கொண்டே என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"உங்க கடையில இருக்கும் இல்ல மச்சான்?"

"இருக்கு மாமா. காலையில கொண்டாந்துர்றேன்."

எங்கள் கடையில் அது இல்லை. குழாய்ச் சாமான் விற்கிற கடையில் இன்ஜின் ஸ்பேர் எங்கிருந்து வரும்? இருபது வருஷமாக ஒவ்வொரு டப்பாவையும் துடைத்து அடுக்குகிற எனக்கு அது தெரியாதா? புதுச்சேரியில் கிடைத்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். போல்ட் என் கைக்கு வந்தபோது சூடாக இருந்தது. மரையிலிருந்து டீசல் கசிந்து என் உள்ளங்கையில் வழிந்தது.

அன்று சாயங்காலமே அதை அறுத்து, தலையை ராவி, பேனாவாக்கிவிட்டேன். திங்கட்கிழமை மத்தியானம் அவர்களிடம் கொடுத்தேன், அட்டையோடு. நான் செய்ததில் அந்த ஒரு பேனாவின் அட்டையில்தான் பாதியாவது உண்மை இருந்தது.

புதுச்சேரியில் மூன்று கடை ஏறி இறங்கினேன். மூன்றிலும் ஒரே பதில்தான். "இந்த மரை இப்ப வர்றதில்லண்ணே, ரொம்பப் பழைய மாடல்." செவ்வாய்க்கிழமை திண்டிவனத்துக்குப் போனேன். அங்கேயும் இல்லை. கடைசியில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து கொடுக்கிறேன் என்றார்கள். ஆனால் அளவுக்குப் பழைய போல்ட்டைக் கேட்டார்கள். அதைத்தான் நான் அறுத்துவிட்டேனே. மாமாவிடம் போய் இன்ஜினில் மரையை அளந்துகொண்டு திரும்பவும் ஓடினேன். புதன்கிழமை சாயங்காலம் வரச் சொன்னார்கள்.

கத்திரி வெயிலில் உப்பளத்துக்குத் தினமும் தண்ணீர் பாய வேண்டும். புதுத் தண்ணீர் வராவிட்டால் பாத்தியில் இருக்கிற தண்ணீர் வற்றி வற்றிக் கனத்துப்போகும். அளவுக்கு மேல் கனத்தால் நல்ல உப்போடு கசப்பும் சேர்ந்து படியும். மாமா பக்கத்து உப்பளத்தில் போய்த் தண்ணீர் கேட்டுக் கெஞ்சினார். அவர்களும் எத்தனை நேரம் கொடுப்பார்கள்? அவர்கள் பாத்தியும் காய்ந்துகொண்டுதானே இருக்கும். ஒரு மணி நேரம் விட்டார்கள். மாமா எனக்கு ஒருமுறைகூடப் போன் செய்து சத்தம் போடவில்லை. தினமும் காலையில் ஒரு போன். "கெடைச்சுதா மச்சான்?" அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலையில் புதுப் போல்ட்டைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனபோது, முதலாளி அங்கே நின்றிருந்தார். பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து ஒரு கல் உப்பை எடுத்து நாக்கில் வைத்தார். துப்பினார். இன்னொரு பாத்தியில் எடுத்து வைத்தார். அதையும் துப்பினார்.

"ஏம்பா, நாலு நாளா இன்ஜின் ஏன் ஓடல?"

"டீசல் போல்ட்டு ஒண்ணு போயிடுச்சுங்க."

"போயிடுச்சுன்னா?"

"கழண்டு எங்கியோ உழுந்துடுச்சுங்க. நான்தான் பாக்காம உட்டுட்டேன்."

சீட்டு விளையாட்டில்கூட முகத்தை மறைக்கத் தெரியாத மனுஷன், எனக்காக இரண்டாவது பொய்யைச் சொன்னார். இந்தப் பொய்யைத் தரையைப் பார்க்காமல் சொன்னார். நான் பத்தடி தள்ளி நின்றிருந்தேன். கையில் காகிதப் பொட்டலம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. முதலாளி எங்கள் கடைக்கு வந்து போகிறவர், என்னிடம் மரியாதையாகப் பேசுகிறவர். டாய்லெட் ஸ்க்ரூவில் செய்த பேனாவுக்கு உப்பளம் என்று பொய் எழுதினேன், அந்தப் பொய்யைக் காப்பாற்ற உங்கள் இன்ஜினைப் பிரித்தேன் என்று அவரிடம் சொன்னால், நாளைக்குக் கல்லாவில் நான் எந்த முகத்தோடு நிற்பேன்? இதைத்தான் யோசித்தேன். மாமாவின் காலை அப்போது நான் யோசிக்கவில்லை.

"சாவியக் குடு" என்றார் முதலாளி.

மாமா வேட்டியை விலக்கி இடுப்பில் கைவைத்தார். எத்தனையோ வருஷத்து முடிச்சு. வேர்வையிலும் உப்பிலும் இறுகிக் கல்லாகிக் கிடந்தது. இன்ஜின் வேலையில் தேய்ந்த அவர் நகத்துக்கு அது மசியவில்லை. இரண்டு மூன்று தடவை முயற்சி செய்தார். முதலாளி காத்திருந்தார். பலகையோடு நின்ற ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மச்சான், இத்த கொஞ்சம் அவுத்து உடு" என்றார் மாமா.

பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய் அவிழ்த்துவிட்டேன். சின்னச் சின்ன நட்டைப் பிடித்துப் பழகிய கை. சீக்கிரமாகவே அவிழ்ந்துவிட்டது. சாவியை நானேதான் முதலாளியிடம் கொடுத்தேன். அதன் பிறகு, இந்தாங்க புதுப் போல்ட்டு என்று அதையும் கொடுத்தேன். "பரவால்ல, நீயாவது பொறுப்பா இருக்கியேப்பா" என்றார் அவர்.

மாமாவை வேலையை விட்டு நிறுத்தவில்லை. இஷ்டமிருந்தால் பாத்தியில் இறங்கு என்றார். மாமா செருப்பைக் கழற்றி வரப்பின் மேல் வைத்துவிட்டு இறங்கினார்.

ஒரு வாரம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா அவர் பாதத்தில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். பழைய வெடிப்பு பழைய இடத்திலேயே திறந்திருந்தது. அக்காவுக்கு நடந்தது தெரியாது.

"இவருக்கா இன்ஜினப் பாத்துக்கத் தெரியாது? நீயும்தான் ஆர்டுவேர் கடையில குந்தினு இருக்க, நேரத்துக்கு ஒரு போல்ட்டு வாங்கியாந்து குடுக்கத் துப்பு இருந்துச்சா?" என்று என்மேல் பாய்ந்தாள்.

"உடுடி, அவன் அலையாத எடமில்ல" என்றார் மாமா.

வெளியே வந்ததும், முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றேன். மாமா கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாண்டா. கவனமில்லாதவன்னு பேரு வந்துச்சு, போவட்டும். பொய் சொன்னவன்னு வர வேணாம். உனக்கும் கடையில பேரு கெட்டுடும்." அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. நிஜமாகவே மூச்சு இலகுவானது. போல்ட்டை அறுத்ததை மன்னித்துக்கொண்டாலும், சாவியை அவிழ்த்ததை மன்னித்துக்கொண்டாலும், அந்த அப்பாடாவை மட்டும் என்னால் மன்னித்துக்கொள்ள முடியவில்லை.

கைவினைக் கடைக்குப் போய்ப் பழைய அட்டைகளைத் திருப்பி வாங்கிக் கிழித்துப் போட்டேன். இனிமேல் பேனா வேண்டுமென்றால் இந்த அட்டையோடுதான் என்று புதிதாக எழுதிக் கொடுத்தேன். டாய்லெட் ஸ்க்ரூ, ஃபிரிட்ஜ் குழாய், கேஸ் நாசில், சைக்கிள் ஸ்போக். ஒரு பேனாகூட விற்காது, இதோடு இந்த வேலையை மூட்டை கட்டிவிடலாம் என்று நினைத்தேன். படித்தவர்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார்களாம். "இத மொதல்லயே எழுதியிருக்கலாமே தம்பி" என்றார் கடைக்கார அம்மா.

இந்த வருஷம் மழைத்தண்ணீர் வடிந்து சீசன் ஆரம்பித்துவிட்டது. கடைக்குப் போகிற வழியில் ரோட்டிலிருந்து பார்த்தால் மாமா தெரிவார். காலில் பழைய சாக்ஸ் இரண்டைச் சுற்றிக்கட்டிக்கொண்டு பலகை இழுத்துக்கொண்டிருப்பார். என் வண்டியைப் பார்த்தால் எப்போதும் போல் கையைத் தூக்குவார்.

போன வாரம் கடைக்கு வந்தார். கல்லாவில் வேறு யாரும் இல்லை.

"ஒரு பேனா இருந்தா குடு மச்சான். பாத்தி ஆளுங்க எல்லாம் காலையில நோட்டுல கையெழுத்துப் போடணும்ன்றாரு முதலாளி. அங்க பேனா ஒண்ணும் நிக்க மாட்டேங்குது, ஆளுக்கொண்ணு தூக்கினு போயிடுறாங்க."

இன்ஜின்காரராக இருந்தவரை அவர் நோட்டில் கையெழுத்துப் போட்டதில்லை. என் சட்டைப் பையில் பேனா இருந்தது. யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாத கனத்தில் நான் செய்த பேனா, அவர் கேட்ட அதே காரணத்துக்காகச் செய்தது. அதை அவர் கையில் எப்படிக் கொடுப்பேன்? தினமும் காலையில் அந்தப் பித்தளையைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் உப்பில் இறங்குவதை நினைத்தபோது என் கை பையின் பக்கமே போகவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் பேனாவை எடுத்து நீட்டினேன்.

மாமா அதை வாங்கிக்கொண்டார். அவர் கண் ஒரு நிமிஷம் என் சட்டைப் பையில் நின்றது.

"அது விக்கிறதுக்கு வெச்சிருக்கிறது, இல்ல?" என்றார், எனக்குச் சங்கடம் வேண்டாமென்று அவரே பதிலையும் சொல்லிக்கொள்கிற மாதிரி. "இதுவே போதும்டா."

நான் ஆமாம் என்றேன்.